சர்க்கரை தடுமாறும்போது தைராய்டையும் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் சர்க்கரைக்குப் பாலக்காட்டில் ஒரு மருத்துவரையும், தைராய்டுக்குப் பொள்ளாச்சியில் இன்னொருவரையும் பார்ப்பவர்கள் பலர். இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க ஆளில்லை என்பது எனக்குப் பெருங்கவலை. ஏனெனில் தைராய்டு ஹார்மோன் கணையத்தின் வேலையோடு நெருங்கிப் பிணைந்தது. பிறந்த சில வாரங்களில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் முதிர்ந்து, குளுக்கோஸின் அளவறிந்து சுரக்கப் பழகுவதற்கே அந்த ஹார்மோன் துணைநிற்கிறது என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

தைராய்டு மிகுந்தால் கல்லீரல் கூடுதலாகக் குளுக்கோஸை வெளிவிடும், இன்சுலினும் விரைவாகச் சிதைந்துவிடும். ஏற்கெனவே களைத்த கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் சர்க்கரை ஏறும்.

குறைந்தால் நேர்வதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அத்தை பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். உணவு மாறாதிருக்க, விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்க எழுந்து உட்கார்ந்தார். குளுக்கோமீட்டர் 58 காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம். ஆனால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிச் சோதனை (HbA1c) கூடுதலாக வந்திருந்ததால், அதற்குச் சற்று முன்புதான் இன்சுலினைக் கூட்டியிருந்தார்கள். பிறகே, தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். பார்த்தார்கள், அது மிக உயர்ந்திருந்தது; அதாவது தைராய்டு குறைந்திருந்தது.

தைராய்டு குறைந்த உடலில் போட்ட இன்சுலின் மெதுவாகவே கழிகிறது, கல்லீரலும் குறைவாகவே குளுக்கோஸ் தருகிறது. ஆகவே பழைய அளவே மிகையாகிவிடும். புதிய சிவப்பணுக்களின் உற்பத்தியும் மந்தமாவதால், நெடுநாள் குளுக்கோஸில் ஊறிய பழைய அணுக்கள் இரத்தத்தில் மிகுந்து, சராசரிச் சோதனை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தை ஏற்றுவது ஆபத்து என்பதை எங்களுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பீட்டா செல்களைத் தாக்கும் அதே நோயெதிர்ப்புக் கோளாறு தைராய்டையும் தாக்குவதுண்டு. ஆகவே நோய் தெரிந்தவுடன் ஒருமுறையும், பின்னர் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் தைராய்டுச் சோதனை செய்வது வழக்கம்.

தைராய்டு குறைவை ஈடுசெய்யும் தைராக்சின் மாத்திரை தொடங்கியபின் இன்சுலின் தேவை மீண்டும் உயரலாம். மாத்திரையின் முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஆறு வாரங்களாகும். அதுவரை எத்தனை வேளை சர்க்கரை பார்க்க வேண்டும், எந்த அளவில் இன்சுலினை மாற்ற வேண்டும் என்பதை மாத்திரை எழுதும் மருத்துவரிடமே கேட்டு, அதே சீட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.