ஃபென்வே பார்க்: தெரு வெட்டிய மைதானம்

ஃபென்வே பார்க், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மைதானம். நகரின் க்ரீன் லைன் ரயில் தடத்தில் 'ஃபென்வே' என்றே ஒரு நிலையம் உண்டு. பெயரை நம்பி அங்கே இறங்காதீர்கள். மைதானத்துக்குப் பக்கம் கென்மோர்தான். அங்கிருந்து ப்ரூக்லைன் அவென்யூவில் நடந்து, நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டினால் இடப்பக்கம் லான்ஸ்டவுன் தெரு. உள்ளே நுழையுமுன் இதைப் பார்த்துவிடுங்கள். 1912இல் திறந்த மைதானம் இந்தப் பக்கம் ஒரு அடிகூட நகர முடியாமல் தெருவில் முட்டி நிற்கிறது. ஃபென்வேயின் கோணல்களில் பெரியது இங்கேதான் பிறந்தது.

பேஸ்பாலில் பந்தை அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள்; அவற்றுக்கு இடையே 90 அடி. அது எங்கும் மாறாது. வெளி எல்லை மட்டும் கிரிக்கெட் பவுண்டரி மாதிரி, மைதானத்துக்கு மைதானம் வேறு. இங்கே பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இடது கோடி வெறும் 310 அடி. அங்கே நிற்பதுதான் 37 அடி 2 அங்குல உயரமுள்ள 'க்ரீன் மான்ஸ்டர்' சுவர். வேறு மைதானத்தில் எல்லையைத் தாண்டி ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஆகியிருக்கும் தாழ்வான விளாசல் இதில் மோதித் திரும்பி, பேட்டரை இரண்டாம் பேஸோடு நிறுத்திவிடும். வேறிடத்தில் சுலபமான கேட்சாக முடியும் உயரப் பந்து இங்கே சுவரைத் தாண்டிவிடும். 1947 வரை இதன் மேல் விளம்பரங்கள்தான். பச்சை பூசியது அப்போதுதான். உச்சியில் இருக்கைகள் வந்தது 2003இல். மைதானத்தை வழிகாட்டியுடன் சுமார் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கலாம்.

ஆட்டத்துக்கே டிக்கெட் எடுப்பவர்கள் கூரைக்குக் கீழே உள்ள நீல மர நாற்காலிகளை யோசித்து வாங்கவும். இடம் குறுகல், முழங்கால் இடிக்கும். கூரையைத் தாங்கும் தூண் சில இருக்கைகளில் பந்து வீசும் பிட்சரையே மறைக்கும். வலது மூலையில் நாற்காலிகள் ஹோம் பிளேட்டைப் பார்த்து இல்லை. ஆட்டம் முடிவதற்குள் கழுத்து வலி நிச்சயம். வலப்பக்கத் திறந்தவெளி இருக்கைகளில் 42ஆம் பிரிவு, 37ஆம் வரிசை, 21ஆம் நாற்காலி மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ் அடித்த ஹோம் ரன் பந்து விழுந்த இடம், ஹோம் பிளேட்டிலிருந்து 502 அடி.

சுவரின் அடியில் உள்ள ஸ்கோர்போர்டில் இன்றும் எண் பலகைகளைக் கையால்தான் மாற்றுகிறார்கள். அதன் வெள்ளைக் கோடுகளை உற்றுப் பாருங்கள். மேலிருந்து கீழாக, புள்ளியும் கோடுமாக எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸ் குறிகள் இருக்கும்: 1933இல் ரெட் சாக்ஸ் அணியை வாங்கிய டாம் யாக்கி, மனைவி ஜீன் இருவரின் முதலெழுத்துகள்.

வழிகாட்டி யாக்கி என்ற பெயரை வேகமாகக் கடந்தால் நிறுத்திக் கேளுங்கள். பின்னாளில் பெரிய லீக் எனப்படும் உச்ச மட்டப் போட்டியில் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை, 1945 ஏப்ரலில் யாக்கியின் அணி இதே புல்வெளியில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கவில்லை. அணியின் முதல் கறுப்பின வீரராக பம்ப்ஸி க்ரீன் வந்தது 1959இல். பெரிய லீக் அணிகளில் கறுப்பின வீரரைக் கடைசியாகச் சேர்த்தது ரெட் சாக்ஸ்தான். 1977இல் வாசல் தெருவுக்கு வைத்த 'யாக்கி வே' என்ற பெயரை 2018இல் எடுத்து, பழைய ஜெர்சி தெருவாகவே ஆக்கினார்கள். ஸ்கோர்போர்டில் புள்ளியும் கோடும் அப்படியே இருக்கின்றன.