மொழி வகுப்புக்கு ஒரு பொதுச் சுட்டித் தொகுப்பு

மாணவர்களுக்கென்று நாம் எடுத்துவைக்கும் சுட்டிகளில் (இணையப் பக்க இணைப்புகளில்) பாதி மறுபடி யார் கண்ணிலும் படுவதில்லை. வாட்ஸாப் குழுவில் போட்டால் இரண்டு நாளில் புதைந்துவிடும். உலாவியில் சேமித்தால் நமக்கு மட்டும்தான் தெரியும். சுட்டிகளைப் பலர் சேர்ந்து இணையத்தில் சேமித்துப் பகிரும் சமூகப் புக்மார்க் தளங்கள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. 2003ல் வந்த டெலிஷியஸ் என்ற தளம் பரப்பிய வழக்கம் இது: கோப்புறை கிடையாது, குறிச்சொல் (டேக்) உண்டு. ஒரே காணொளியைக் 'கேட்டல்', 'இறந்தகாலம்', 'தொடக்கநிலை' என மூன்றின் வழியாகவும் பிடிக்கலாம்.

ஆனால் குறிச்சொல்லை ஆளாளுக்கு இஷ்டப்படி போட விட்டால் தொகுப்பு ஒரே மாதத்தில் குப்பைதான். ஒருவர் 'கேட்டல்' என்பார், இன்னொருவர் 'ஆடியோ' என்பார்; எதைத் தேடினாலும் பாதிதான் வரும். வகுப்பு தொடங்குமுன்பே பதினைந்து, இருபது சொற்களை முடிவு செய்து பட்டியலை அந்தத் தளத்தில் உங்கள் குழுவின் முகப்பில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சுட்டிக்கும் திறன், நிலை, இலக்கணம் மூன்றிலிருந்தும் ஒவ்வொன்று கட்டாயம். இவ்வகைத் தளங்களான டீகோ, பின்போர்டு இரண்டிலும் இடைவெளி விட்டால் அடுத்த குறிச்சொல் என்று பொருள். 'இறந்த காலம்' என்று தட்டினால் 'இறந்த' தனி, 'காலம்' தனி. சேர்த்தே எழுதப் பழக்குங்கள்.

குறிச்சொல்லைவிட முக்கியம் விளக்கப் பெட்டி. பலரும் காலியாக விடுவது இதைத்தான். 'நல்ல வீடியோ' என்பதால் யாருக்கும் பயனில்லை. இப்படி இருக்கட்டும்: "2:10 முதல் 3:05 வரை. கடைக்காரரிடம் விலை கேட்கும் உரையாடல். முதல்முறை வசனவரி இல்லாமல் கேட்கவும்." மாணவர் சுட்டி சேர்த்தால், ஏன் சேர்த்தார் என்று கற்கும் மொழியிலேயே இரண்டு வாக்கியம் எழுத வேண்டும். அடுத்த வாரம் வேறொருவர் அதைப் படித்துப் பதில் எழுதுவார். எழுத்துப் பயிற்சி தனியாகத் தேவையே இல்லை என்பேன்.

டீகோவில் பக்கத்தின் மேலேயே வண்ணம் தீட்டி, ஒட்டுக்குறிப்பும் வைக்கலாம். மஞ்சள் புதுச் சொல்லுக்கு, நீலம் சேர்ந்தே வரும் சொற்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஐந்து இடம் என்று வரம்பு வைக்காவிட்டால் கட்டுரை முழுக்க மஞ்சளாகிவிடும். தளம் அந்த வரிகளைத் திருத்தினால் தீட்டியது இடம் தெரியாமல் போகும். அதனால் அடிக்கடி மாறும் செய்திப் பக்கங்களை இதற்கு எடுக்க வேண்டாம்.

குழு பொதுவில் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சிறுவர்கள் என்றால் மூடிய குழு, புனைபெயர்.

பருவத்துக்கு ஒருமுறை செத்த சுட்டிகளை நீக்கி, தொகுப்பை எச்டிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்வது அவசியம். டெலிஷியஸ் 2017ல் பின்போர்டு கைக்குப் போய்ப் புதிதாக எதுவும் சேர்க்க முடியாதபடி நின்றது; பக்கங்களைப் பிறகு படிக்கச் சேமித்துவைக்கும் பாக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. இறக்கிய கோப்பை குரோமில் ஏற்றினால் சுட்டிகள் வரும், குறிச்சொற்கள் வராது. மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.