பேர் பொய் சொன்னாலும் முதல் பைட் சொல்லாது

நேத்து ஈசூன் காப்பிக்கடையில தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ) ஆறிப்போற வரைக்கும் ஒரே ஃபைலோட மல்லாடிட்டு இருந்தேன், மச்சான் அனுப்புன பழைய பேக்கப், பேரு என்னமோ ஸிப்னுதான் முடியுது ஆனா திறக்கவே மாட்டேங்குது. ஃபைலோட பைட்டுகள அப்படியே எண்ணா காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல போட்டுப் பாத்தா முதல் ரெண்டு பைட்டு டெசிமல்ல 31, 139. அட, இது ஜிஸிப்பு, ஸிப் மாதிரியே ஃபைல சுருக்குற வேற வகை! சாதாரண ஸிப்புன்னா 80, 75னு ஆரம்பிக்கும், எழுத்தா படிச்சா பி, கே, அத உண்டாக்குன ஃபில் கட்ஸோட இனிஷியல் லா. வேர்டோட டாக்எக்ஸ், ஆண்ட்ராய்டு ஏபிகே எல்லாமே உள்ளுக்குள்ள அதே பிகேதான், சட்டை மட்டும் வேற. ரார்ங்கிற இன்னொரு சுருக்கு வகை இன்னும் வெளிப்படை, ஆச்சரியக்குறி போட்டு தன் பேரையே முதல்ல எழுதி வெச்சிருக்கும் (என்ன தன்னம்பிக்கை!).

மச்சான்கிட்ட கேட்டா, "நான்தான்டா பேர மாத்துனேன், ஸிப்னா எல்லாருக்கும் திறக்கும்ல"ங்கிறான்.