மதகு வரைக்கும்

"அத்தை, இன்னொரு தடவை போடுங்க."

வெண்ணாற்றங்கரை. புளியமரத்திலிருந்து மதகு வரை வெறுங்காலில் ஓடிவிட்டு வந்திருந்தாள் பக்கத்து வீட்டுப் பெண். எட்டாவது படிக்கிறாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை, அதற்குள் என் போனை வாங்கிக்கொண்டாள்.

2018 ஜூலை, பின்லாந்தின் தம்பேரே. 20 வயதுக்கு உட்பட்டோர் உலகத் தடகளம், பெண்கள் 400 மீட்டர் இறுதி. கடைசி வளைவு முடியும்போதுகூட ஹிமா தாஸ் முன்னால் இல்லை. அப்புறம் அந்த நேர்ப்பாதை! ஒவ்வொருவராகப் பின்தங்குகிறார்கள். 51.46 விநாடி. ஓடுதளத்தில் உலகப் போட்டி ஒன்றில் இந்தியாவுக்கு முதல் தங்கம்.

"இவங்க எந்த ஊரு?"

"அசாம். அப்பா நெல் விவசாயி."

அவள் குனிந்து தன் குதிகாலைப் பார்த்தாள். குறுவை வயல் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"அங்கயும் இப்படித்தான் சேறு ஒட்டுமா அத்தை?"

எங்கள் ஊரில் வரப்பில் ஓடிய பெண் கால்கள் எத்தனையோ. வயதுக்கு வந்ததும் நின்றுபோன ஓட்டங்களும் எத்தனையோ. என்னுடையதும் அதில் ஒன்று. யாரும் ஒருநாளும் விநாடி எண்ணிப் பார்த்ததில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஸ்டாப்வாட்சோடு மதகடியில் நிற்பேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.