கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் அது தெருதான்

2025 ஆயுத பூஜை புதன்கிழமை, மறுநாள் விஜயதசமி. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் சேர்ந்தாற்போல் ஐந்து நாள். பொள்ளாச்சியிலிருந்து நான்கு பேர் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு கிளம்பினோம். காலண்டரைப் பார்த்தவர்கள் தேதியைப் பார்க்கவில்லை. கேரளாவில் மாதத்தின் ஒன்றாம் தேதி மதுக்கடை திறக்காது. இரண்டாம் தேதி காந்தி ஜெயந்தி, அன்றும் திறக்காது. ஆக, முதல் இரண்டு நாளும் டீயும் மறையூர் வெல்லமும்தான்.

கிளம்பும்போதே ஒருவன் சொன்னான், "டாஸ்மாக்கிலேயே ரெண்டு வாங்கி டிக்கில போட்டுக்கலாம்டா." நான்தான் வேண்டாம் என்றேன். என் பெரியப்பா மகன் லாரி ஓட்டுகிறவர். கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு செக்போஸ்ட் கதைகள் கேட்டே வளர்ந்தவன் நான். வெளிமாநிலச் சரக்கைக் கேரளாவுக்குள் கொண்டுபோனால் அங்கத்திய மதுச் சட்டமான அப்காரி சட்டத்தின் 55(ஏ) பிரிவு பாயும். பத்து வருடம் வரை சிறை, அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. இதையெல்லாம் ஒரு வக்கீலைப் போல வண்டியில் விளக்கிக்கொண்டு வந்தேன். பெரிய சட்டம் தெரிந்தவனுக்குச் சின்ன சட்டம் தெரியவில்லை.

மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு பெவ்கோ, அதாவது கேரள அரசு மதுக்கடை வாசலில் நின்றோம். இரண்டு நாள் அடைத்திருந்த கடை, வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு முழு பாட்டில் பிராந்தி வாங்கினோம். பில்லைச் சட்டைப் பையில் வைத்தேன். எதற்கும் பில்லைக் கசக்கிப் போடாத பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அதுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

தங்கியிருந்த ஹோம்ஸ்டேயிலேயே குடித்திருக்கலாம். ஆனால் மாலை நாலரை மணிக்கு மாட்டுப்பட்டி போகும் சாலையில், தேயிலைச் சரிவுக்கு மேலே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஒரு வளைவில் காரை ஓரம் கட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேப்பர் கப்பில் ஊற்றினோம். கார் ஓட்டியவன் குடிக்காதவன், அவன் கையில் மிரிண்டா. "நம்ம வண்டி, நம்ம காசு, வெளிய இறங்கி ஒரு கூச்சல் இல்ல" என்று அப்போது நினைத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

போலீஸ் ஜீப் எதிரே வந்து, கொஞ்சம் தாண்டிப் போய், பின்னாலேயே ரிவர்ஸில் வந்தது. கண்ணாடியை விரல் கணுவால் இரண்டு தட்டு. இறக்கினோம். வாசனை எங்களுக்கு முன்னால் இறங்கியது. டி.என். 41 நம்பரைப் பார்த்தவர், "பொள்ளாச்சியா?" என்று தமிழிலேயே கேட்டார். மரியாதைக்குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் கேள்வி, "குப்பி எங்க வாங்கினது?" பில்லை நீட்டினேன். தேதியையும் கடை முத்திரையையும் பார்த்தார், பாட்டில் மூடியில் இருந்த ஹாலோகிராம் ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே 55(ஏ) தொலைந்தது. இரண்டாவது, வண்டி ஓட்டுவது யார் என்ற கேள்வி. மிரிண்டாக்காரனை ஊதச் சொன்னார்கள். மிஷினில் பூஜ்யம். அவனையும் காரையும் விட்டுவிட்டு மற்ற மூவரையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

"சார், இது சொந்த கார் சார், பொது இடம் இல்லையே" என்றேன். அவர் சிரித்தார். "கார் உங்களுது. ரோடு?"

ஸ்டேஷனுக்குப் போகும் முன் அரசு ஆஸ்பத்திரி. டாக்டர் இளம்பெண். ஊதச் சொன்னார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், கோட்டில் நடக்கச் சொன்னார், கண்ணை மூடி ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். மூவரும் சரியாகத் தொட்டோம். இரத்தம் எடுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஸ்டேஷனில் முக்கால் பாட்டிலை அளந்து, கொஞ்சம் தனியாக எடுத்து சீல் வைத்து, மகஸர், அதாவது கைப்பற்றிய பொருளின் விவரப் பத்திரம், எழுதினார்கள். வழக்கு, கேரள அப்காரி சட்டத்தின் 15சி, கூடவே தண்டனைக்கு 63. பொது இடத்தில் மது அருந்துதல். அதிகபட்சம் இரண்டு வருடம் அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடியதுதான், ஆனால் ஆள் ஜாமீன் வேண்டும். ஊர் பேர் தெரியாத இடத்தில் ஜாமீனுக்கு யாரைப் பிடிப்பது? ஹோம்ஸ்டே அண்ணனுக்குப் போன் போட்டோம். அவர் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். மனைவியின் அண்ணனையும் கூட்டிக்கொண்டு, ஆதார் நகலோடு இரவு எட்டு மணிக்கு வந்தார். எங்களைத் திட்டவில்லை. "ரூமுக்குத்தான் வாடகை குடுத்தீங்க, அங்க வச்சு குடிக்கறதுக்கு என்னங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சட்டத்திலேயே தனிப்பட்ட தங்கும் அறை பொது இடம் ஆகாது என்று விதிவிலக்கு இருக்கிறது என்பதைப் பிறகு படித்தபோது அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் மலையாளத்தில். ஹோம்ஸ்டே அண்ணனையே வாசித்துக் காட்டச் சொன்னேன். வழியோரத்தில் நிறுத்திய காரில் இருந்து "பரஸ்யமாயி" மது அருந்தினோம் என்று ஒரு வரி. பரஸ்யம் என்றால் பகிரங்கம். விளம்பரத்துக்கும் மலையாளத்தில் அதே வார்த்தைதான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பரஸ்யம்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையெழுத்துப் போட்டோம். ஒன்பதரைக்கு வெளியே.

வீட்டுக்குத் திரும்பி ஒரு மாதம் எதுவும் வரவில்லை. மறந்தே போனோம். அப்புறம் சம்மன் வந்தது, தபாலில், அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார். அந்த இரவைப் பற்றி எழுதப்போவதில்லை.

மூணாறிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தேவிகுளம். மாஜிஸ்திரேட் கோர்ட் அங்கே. 1956 மாநிலப் பிரிவினையின்போது தமிழ்நாடு கேட்டுக் கிடைக்காமல் போன தாலுகா என்று பள்ளியில் படித்த ஊரில், குற்றவாளியாகப் போய் நின்றோம். எங்களுக்குக் கிடைத்த வக்கீல் தமிழர். கட்சிக்காரர்களில் பாதிப் பேர் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி அன்றைக்கே முடித்துக்கொள்வது. மற்றொன்று, வழக்கை நடத்துவது. நடத்தினால் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது என்றார். இரத்தப் பரிசோதனை இல்லை. தவிர, கேரளச் சட்டத்தில் பொது இடம் என்று எழுதியிருக்கும் பட்டியலில் தெரு இருக்கிறது, பயணிகள் படகு இருக்கிறது, பொது வாகனம் இருக்கிறது. சொந்தக் கார் என்று இல்லை. எதிர்ப்பக்கம் என்ன சொல்வார்கள் என்பதையும் அவரே சொன்னார். 2019-இல் பீகார் வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம், பொதுச் சாலையில் நிற்கும் தனியார் காரும் மக்கள் நெருங்க வாய்ப்புள்ள இடம்தான், அதுவும் பொது இடத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அது பீகார் சட்டத்தின் வரையறையை வைத்துச் சொன்னது, இங்கே வரையறை வேறு என்று வாதாடலாம். எத்தனை வாய்தா என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

நானும் மெடிக்கல் ரெப் நண்பனும் ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்தோம். மூன்றாமவனை நாங்கள் துபாய் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருந்தது. போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். தண்டனை என்று ஒரு வரி பதிவாகிவிட்டால் விண்ணப்பத்தில் காலம் முழுக்க 'ஆம்' என்று டிக் அடிக்கவேண்டும் என்று பயந்தான். வழக்கை நடத்துகிறேன் என்றான்.

பெயர் கூப்பிட்டார்கள். பின்னால் இருக்கும் கூண்டில் ஏறி நின்றேன். மாஜிஸ்திரேட் மலையாளத்தில் கேட்டார், பெஞ்ச் கிளார்க் தமிழில் திருப்பிக் கேட்டார். "ஒப்புக்கொள்கிறேன்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 2,000 ரூபாய் அபராதம், கோர்ட் கலையும் வரை காவல்.

அது என்ன காவல் என்று தெரியாமல் எனக்கு வேர்த்துவிட்டது. வேறொன்றுமில்லை, சாயங்காலம் கோர்ட் முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தோம். காசோலை வழக்குகள், வேலித் தகராறு, மாட்டைத் திருடியதாக ஒரு கிழவர். பாத்ரூம் போக வேண்டும் என்றால் காவலரிடம் கேட்டுவிட்டுப் போனோம். மதியச் சாப்பாட்டை மிரிண்டாக்காரன் கோர்ட் வளாகத்துக்கே பார்சல் வாங்கி வந்தான். ஐந்து மணிக்கு எல்லோரும் எழுந்து நிற்க, மாஜிஸ்திரேட் உள்ளே போனார். தண்டனை முடிந்தது. சின்னதாக இருந்தாலும் காகிதத்தில் அது சிறைத்தண்டனைதான் என்று வக்கீல் கார் வரை வந்து சொன்னார். தண்டனை பெற்றதுண்டா என்று எந்தப் படிவத்தில் கேட்டாலும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் அதுதான் பெரிய வழக்கு ஆகும் என்றார். அபராத ரசீதையும் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வாங்கி, அந்த பெவ்கோ பில்லோடு ஒரே கவரில் வைத்திருக்கிறேன்.

செலவுக் கணக்கு எழுதினால் அபராதம்தான் கடைசி வரி. வக்கீல் ஃபீஸ், பெட்ரோல், லீவு நாள், ஜாமீன் நின்றவர்களுக்கு வேட்டி சட்டை. எல்லாம் சேர்ந்து எனக்கு மட்டும் பதினோராயிரம் தாண்டியது.

துபாய் விஷயம் வேறு மாதிரி போனது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது நன்னடத்தைச் சான்றிதழும் சுலபத்தில் வராது என்பதை அவன் யோசிக்கவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கக்கூட வழக்கு நடக்கும் கோர்ட்டின் அனுமதி கேட்கவேண்டும். 1993-லிருந்தே அதற்கு மத்திய அரசு அறிவிக்கை இருக்கிறதாம். ஆஃபர் லெட்டரின் கெடு தாண்டிவிட்டது. ஒப்புக்கொண்டு முடித்துவிடு என்று நான் இரண்டு முறை சொன்னேன். இப்போது அவனுக்கு அது துபாய்க்கான வழக்கு இல்லை. "கார் தெருவாடா? நீயே சொல்லு" என்கிறான்.

போன வாய்தாவுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். சாட்சி வரவில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். திரும்பும்போது அதே மாட்டுப்பட்டி சாலைக்குப் போகச் சொன்னான். அந்த வளைவில் காரை நிறுத்தி, இறங்கி, டேப்பால் சாலை விளிம்பிலிருந்து டயர் நின்ற இடம் வரை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டான்.