கருவாட்டுக் களத்துக்கு சர்வே எண் என்ன?

கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் ஊர் விட்டுப்போயிருக்கிறது என்று மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒப்புகை முத்திரை விழாமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். "வெச்சிட்டுப் போங்க தம்பி, பார்த்துக்கலாம்" என்பார்கள். அதை நம்பி வைத்துவிட்டு வந்த பக்கத்து ஊர்க்காரர்களின் மனு எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

எங்களுடையது கடலூருக்கும் காரைக்காலுக்கும் நடுவில் உள்ள மீனவக் கிராமம். மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி தயாரித்த வரைவு வரைபடங்களை 2023-ல் வெளியிட்டு, ஆகஸ்டில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் ஊரகக் கரையில் கட்டுமானத் தடைப் பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறையும் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். ரிசார்ட் கட்டுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். எங்களுக்கு முக்கியமானவை அதே அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் சில வரிகள்: மீனவக் கிராமங்களையும், அவர்களின் பொதுச் சொத்துகளையும், மீன் காயவைக்கும் இடங்களையும், புயல் பாதுகாப்பு மையங்களையும், மீட்புக்கான சாலைகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் பேரிடர் பாதுகாப்புக்கும் மாநில அரசு தனியாகத் திட்டம் போட வேண்டும். படத்திலேயே ஊர் இல்லாவிட்டால் எந்த ஊருக்குத் திட்டம் போடுவார்கள்?

வரைபடத்தைப் பதிவிறக்கியது எளிது. பார்ப்பதுதான் பாடு. குறியீட்டு விளக்கம் முழுக்க ஆங்கிலம். 1:25,000 அளவு என்பதால் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். எங்கள் ஊர் மொத்தமும் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மறைந்துவிடும். செல்போனில் பெரிதாக்கினால் நிறம்தான் தெரிகிறது, ஊர் தெரியவில்லை. கடைசியில் பேனர் அடிக்கும் கடைக்குக் கொண்டுபோய், எங்கள் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி ஃப்ளெக்ஸில் அடித்து வாங்கினோம். கல்யாண பேனருக்கும் காதுகுத்து பேனருக்கும் நடுவில் எங்கள் கடற்கரை காய்ந்துகொண்டிருந்தது. வலை பின்னும் கூடத்தில் அதை விரித்துப் போட்டதும், அதுவரை "இதெல்லாம் படிச்சவங்க வேலை" என்று ஒதுங்கியிருந்த பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இதை மட்டும் எல்லா ஊரும் செய்யலாம். செலவு பெரிதில்லை.

பெரியவர்கள் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கடலோரத்தில் பழைய ஊரின் பெயர் இருக்கிறது. மேற்கே உள்ள சுனாமி குடியிருப்பு இல்லை. புயல் பாதுகாப்பு மையம் இல்லை. கருவாட்டுக் களம் வெறும் மணல். எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருப்பிலிருந்து உப்பனாற்றுக்குப் போகும் வடிகால் வாய்க்கால் எங்கேயும் இல்லை.

அந்த வாய்க்கால் ஏன் முக்கியம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் வந்த 172-ஆம் எண் அரசாணைப்படி, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் பழைய இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே தள்ளிக் கட்டிய புது வீட்டுக்குப் போகலாம் என்று ஆனது. எங்கள் ஊரில் பாதிப் பேர் போனார்கள். அதற்காக வாங்கிய நிலம் பழைய வயல், பள்ளம். பழைய ஊர் மணல்மேட்டில் இருக்கிறது. கடல் பொங்கினால்தான் அங்கே ஆபத்து. புதுக் குடியிருப்புக்குக் கடல் வராது, ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மழைத்தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது வெளியேற இருப்பது அந்த ஒரே வாய்க்கால். அதுவும் முகத்துவாரம் திறந்திருந்தால்தான். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும், மழைக்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். 2015 மழையில் வெட்டத் தாமதமானதால் குடியிருப்பில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, இதையெல்லாம் எழுதி மனுவாகக் கொண்டுபோனால், அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி: "சர்வே எண்?"

எங்களுக்குத் தெரிந்தது களத்துமேடு, ஓடைக்கரை, அம்மன் கோயில் திடல். அவர்களுக்கு வேண்டியது எண். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கலாம் என்றால் அவருக்கு இன்னொரு ஊரும் கூடுதல் பொறுப்பு. நாம் இங்கே போனால் அவர் அங்கே, அங்கே போனால் ஜமாபந்தி வேலை. போவதற்கு முன்னால் தலையாரிக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள், அலைச்சல் பாதியாகும். ஒருவழியாகப் பிடித்தோம். மனிதர் நல்லவர்தான். ஊர் நிலங்களின் விவரம் எண்வாரியாக இருக்கும் அ-பதிவேட்டைப் புரட்டி, கருவாட்டுக் களம் கடற்கரைப் புறம்போக்கில் வருகிறது என்று எண்ணை எழுதிக் கொடுத்தார். புயல் பாதுகாப்பு மையத்துக்கும் கிடைத்தது. வாய்க்காலில்தான் முட்டியது. பதிவேட்டில் சாலை வரைக்கும் வாய்க்கால் புறம்போக்கு. சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

"ரோட்டுக்கு அப்புறம் ரெக்கார்டுல வாய்க்காலே கிடையாதுங்க" என்றார் தாலுகா அலுவலகத்தில் ஒருவர்.

"அப்போ தண்ணி ரோட்டோட நின்னுடுங்களா சார்?" என்று கேட்டார் எங்கள் பெரியப்பா. கிண்டலாக இல்லை, நிஜமாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டார். பதில் வரவில்லை.

அந்தப் பகுதியைச் செல்போன் ஜிபிஎஸ் வைத்து நாங்களே குறித்தோம். வாய்க்கால் ஓரமாக நடந்து, வளைகிற இடத்திலெல்லாம் நின்று, அட்சரேகை தீர்க்கரேகையைக் காட்டும் செயலியில் படம் எடுத்தோம். எண் இல்லாத இடத்துக்கு இதுதான் ஆதாரம். படத்தின் மேலேயே தேதியும் இடமும் பதிவாகும் செயலியாகப் பாருங்கள். வெறும் போட்டோவை யாரும் மதிக்கவில்லை.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். ஆகஸ்ட் 15 கிராம சபை, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அன்று காலையில், "கூட்டப்பொருள் ஏற்கெனவே அனுப்பியாச்சு, புதுசா சேர்க்க முடியாது" என்றார்கள். இதர பொருள்கள் என்று ஒரு தலைப்பு கடைசியில் இருக்கும். அதில் எடுங்கள் என்று விடாமல் நின்றோம். அந்த நேரத்துக்குள் பாதிக் கூட்டம் கலைந்துவிடும் என்பதுதான் அவர்கள் கணக்கு. மீன் ஏலம் முடித்து வந்த பெண்கள் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டதால் கூட்டம் கலையவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் பிறகு தருகிறோம் என்றால் அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. ஏசி இருந்தது, மைக் இருந்தது, பேச ஆளுக்குச் சில நிமிடம். முன்வரிசையில் இருந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் திட்டத்தை அவர்கள் மிகவும் பாராட்டினார்கள். எங்கள் பக்கம் நான் ஒரு பக்கம் எழுதி வைத்துப் படித்தேன். நடுவிலேயே மணி அடித்துவிட்டார்கள். அப்புறம் கருவாடு விற்கும் எங்கள் சின்னம்மா எழுந்தார். கையில் தாள் கிடையாது. ஃப்ளெக்ஸை இரண்டு பையன்கள் பிடித்துக்கொள்ள, "சார், நான் தினம் நிக்கிற எடம் இது. இதுல வெறும் மணல்னு போட்டிருக்கு. நாளைக்கு ஒருத்தன் வந்து வேலி போட்டா நான் எந்தப் படத்தக் காட்டி அவன விரட்டுறது?" என்றார். மேடையில் இருந்தவர் முதல் தடவையாகப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அந்த இடத்தின் சர்வே எண்ணையும் சின்னம்மா மனப்பாடமாகச் சொன்னார். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூடத்தில் பேசியதைக் கேட்டே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மனுவை அங்கேயே கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் ஒப்புகை தர முடியாது என்றார். இன்னொரு நகலில் தேதி போட்டு ஒரு கையெழுத்து போதும் என்றோம், அதற்கும் அதிகாரம் இல்லை என்றார். அடுத்த திங்கள்கிழமை மனு நாளில் அதே மனுவை மறுபடி கொடுத்து, மனு எண் அச்சடித்த சீட்டோடு திரும்பினோம். பிடிவாதமாகத்தான் இதைச் செய்தோம். பின்னால் எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது அந்தச் சீட்டுதான்.

மாதங்கள் போயின. தகவல் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, மனு எண்ணைக் குறிப்பிட்டு, மேல் நடவடிக்கை என்ன என்று கேட்டோம். பிரிவு 6(3)-ன்படி வேறு துறைக்கு மாற்றப்பட்டது என்று ஒரு கடிதம். அந்தத் துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றப்பட்டது என்று இன்னொரு கடிதம். 30 நாள் தாண்டியும் பதில் வராவிட்டால் புதிதாக மனு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே பிரிவு 19(1)-ல் முதல் மேல்முறையீடு போடுங்கள். அது போன பிறகுதான் எங்கள் ஊருக்கு நில அளவரும் வருவாய் ஆய்வாளரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கருவாட்டுக் களத்தையும் புயல் மையத்தையும் குறித்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் முட்செடிக்குள்ளும் நடந்தார்கள். எங்கள் ஜிபிஎஸ் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த அளவர், "பரவாயில்ல, சரியாதான் எடுத்திருக்கீங்க" என்றார். அதற்கே பெரியப்பா அவருக்கு வஞ்சிரம் பொரித்துப் போட்டார்.

இதில் நான் எதிர்பார்க்காத பலன் வேறு இடத்தில் கிடைத்தது. அந்தப் புலத்தணிக்கைக் குறிப்பின் நகலை வாங்கி, பருவமழை முன்னேற்பாட்டுக்காக வருவாய்த்துறை எடுக்கும் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள் பட்டியலுக்காகத் தாலுகாவில் கொடுத்தோம். 2024 பட்டியலில் சுனாமி குடியிருப்பு சேர்ந்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதற்கு முன்பே முகத்துவாரத்தில் ஜேசிபி நின்றது. அப்போதும் தண்ணீர் வந்தது, தெருவில் முழங்கால் அளவு. ஆனால் வடிந்தது. பெரிய திட்டத்துக்குக் காத்திருக்கிறவர்கள் இந்தச் சின்னப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்பே போய்ப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்குக் கூப்பிடும்போதும், பட்டியலில் உள்ள ஊர் என்றால் பேச்சே வேறு மாதிரி இருக்கிறது.

நீண்டகால வீட்டுத் திட்டம் பற்றிக் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. அதற்கு இரண்டாவது மேல்முறையீடு ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் மனு நகலைச் சுற்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள், எல்லோருக்கும் கொடுக்கிறோம். ஆனால் சர்வே எண்ணை மட்டும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஊர்க்காரர்கள் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே கொடுத்துவிட்டார்கள். இப்போது எங்கள் கருவாட்டுக் களத்துக்கு இரண்டு ஊர் உரிமை கொண்டாடுவதாகத் தாலுகாவில் ஒரு கோப்பு திறந்திருக்கிறார்கள்.