பி.எஸ்.6 லாரிக்கு ஆயிலோடு அந்த டப்பாவும் வேண்டுமா?

காரைக்குடியில் ஆயில் வாங்கப் போனால் கேனுக்குப் பக்கத்தில் ஆயிலில் கலக்கிற ஆடிட்டிவ் என்று சின்னதாக ஒரு டப்பாவையும் எடுத்து வைத்துவிடுகிறார்கள், "இதையும் ஊத்துங்கண்ணே, இன்ஜின் சத்தமே வராது" என்று. நானும் பல வருஷம் ஊற்றினவன்தான். இப்போது ஆத்தங்குடிக் கல் ஏற்றுகிற என் பி.எஸ்.6 வண்டியில் (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி) ஒரு சொட்டுகூட விடுவதில்லை.

பழைய வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது, சைலன்சரில் நீலப் புகை. கெட்டியான ஆடிட்டிவ் ஒன்றை ஊற்றினோம், புகை குறைந்தது, சரி, சரியாகிவிட்டது என்று திருச்சி ரோட்டில் பாரம் ஏற்றி ஓட்டிக்கொண்டே இருந்தோம். அப்புறம் பட்டறையில் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் ரிங்கோடு லைனரும் போயிருந்தது. ஆயில் கெட்டியானதால் புகைதான் அடங்கியது, தேய்மானம் உள்ளே நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. புகை வந்த அன்றே கழற்றியிருக்க வேண்டும், இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

நல்ல டீசல் ஆயில் வெறும் எண்ணெய் இல்லை. அழுக்கைக் கழுவ கால்சியம், மக்னீசியம் சேர்ந்த சோப்பு மாதிரிப் பொருட்கள், தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகமும் பாஸ்பரஸும் உள்ள இசட்.டி.டி.பி., கரித்தூள் கட்டியாகாமல் மிதக்க ஒன்று, நுரைக்காமல் இருக்க ஒன்று என்று எல்லாம் அளவு பார்த்துக் கலந்தே வருகிறது. (மாற்றின கொஞ்ச நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், கரியைப் படியவிடாமல் தன்னோடு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.)

பி.எஸ்.6 வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. 2020 ஏப்ரலில் அந்தப் புகை விதி வந்த பிறகு புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி, ரீஜென் ஓடும்போது (வடிகட்டியைச் சூடாக்கிக் கரியை எரிக்கிற வேலை) எரிந்துவிடும், ஆனால் ஆயிலில் உள்ள உலோகச் சத்து விடுகிற சாம்பல் எரியாது, தங்கித் தங்கி அடைத்துவிடும். அதற்காகத்தான் 2016 கடைசியில் வந்த சிகே-4 என்ற தர டீசல் ஆயிலில் சல்பேட்டட் சாம்பல் (ஆயில் எரிந்தால் மிஞ்சுகிற சாம்பலின் அளவு) 1 சதவீதத்தையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் கெடாமல் இருக்க பாஸ்பரஸ் 0.12 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கணக்குப் பார்த்துச் செய்த ஆயிலில் என்ன இருக்கிறதென்றே எழுதாத ஒரு டப்பாவைக் கவிழ்த்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்?

வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற தரத்தில் ஆயிலை வாங்குங்கள், சொன்ன கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றுங்கள். டப்பாக் காசை ஏர் ஃபில்டரில் போடுங்கள், நம் பக்கத்துச் செம்மண் புழுதி உள்ளே போனால் எந்த ஆயிலாலும் ரிங்கைக் காப்பாற்ற முடியாது.

அப்புறம், ஆட்ப்ளூவும் இதே மாதிரி ஆடிட்டிவ்தானே என்று இரண்டு டிரைவர் தம்பிகள் கேட்டார்கள். இல்லை தம்பி. அது யூரியாக் கரைசல், புகையைச் சுத்தம் செய்ய. அதற்குத் தனி டேங்க் இருக்கிறது, ஆயிலிலோ டீசலிலோ தவறியும் ஊற்றிவிடாதீர்கள்.